வியட்நாமுக்கு எந்த வழிகாட்டி நூல்? மட்டக்களப்புப் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்

தங்கச்சியின் மகள் கல்முனையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். அவளும், அவளோடு வேலை செய்யும் காத்தான்குடித் தோழியும் வருகிற பெப்ரவரி கடைசியில் மூன்று கிழமை லீவு போட்டு வியட்நாமும் கம்போடியாவும் போகப் போகிறார்கள். டூர் கம்பனி இல்லை, குழு இல்லை. தாங்களே பஸ் பிடித்து, தாங்களே அறை தேடிப் போகிற பயணம். போன ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்து போனை நீட்டினாள். நாலு புத்தகங்களின் அட்டைப்படம் இருந்தது. "இதில எதை வாங்குற மாமா? எல்லாம் யானை விலை. ஒண்டுதான் வாங்கலாம்."

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் மூன்று அறைகளை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறோம். பதினைந்து வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் பை பாரம் என்று வழிகாட்டி நூல்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று ஹோல் அலுமாரியில் இரண்டு தட்டு நிறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் உள்ளவை பெரும்பாலும் வாசித்தாயிற்று. நானும் மனைவியும் போன வெளிநாட்டுப் பயணங்கள் எல்லாம் அந்த அலுமாரியில் இருந்து எடுத்த புத்தகங்களோடுதான்.

அதில் இருந்து ஓர் இலங்கைப் புத்தகத்தை எடுத்து, திறக்காமல், தாள்களின் விளிம்பை மட்டும் பாருங்கள். சீகிரியா, கண்டி, எல்ல வரும் இடம் விரல் அழுக்கில் பழுப்பாகி இருக்கும். காலிக்குப் பக்கத்தில் வெயிலுக்குப் பூசும் கிரீமின் எண்ணெய்க் கறை. இன்னும் தள்ளி அறுகம்பையில் ஒரு கறுத்த கோடு. அந்தப் பக்கங்களை விரித்தால் தையலுக்குள் இருந்து மணல் கொட்டும். அதற்குப் பக்கத்தில் மூன்று நாலு தாள் மட்டும் கடையில் வாங்கிய அன்று போலவே வெள்ளையாக இருக்கும். அதுதான் மட்டக்களப்பு.

அந்த வெள்ளைத் தாள்களைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னேன். வியட்நாம் புத்தகத்தில் இருப்பது சரியா பிழையா என்று அங்கே போகாதவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாமே உண்மை போலத்தான் இருக்கும். நம்முடைய ஊரைப் பற்றி அதே பதிப்பகம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு நாட்டுப் புத்தகத்தையும் எழுதுகிறவர் வேறு ஆள்தான். ஆனால் எதை விசாரிக்க வேண்டும், எதற்கு எவ்வளவு இடம், வரைபடத்தில் என்ன வர வேண்டும் என்பதெல்லாம் பதிப்பகத்தின் கையில். ஒரு தொடரின் வளர்ப்பு அதன் எல்லாப் புத்தகங்களிலும் தெரியும்.

முதலில் காலநிலைப் பக்கம். இலங்கைக்குப் போக நல்ல காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிற புத்தகம் மேற்குக் கரையையும் தெற்கையும் மட்டும் பார்த்து எழுதப்பட்டது. நமக்கு டிசம்பர் மாரி. வாடைக் காற்றோடு மழை கொட்டி, வாவி நிறைந்து, முகத்துவாரத்தை வெட்டிவிட்டால்தான் வயல் தப்பும் என்று ஊரே கதைத்துக்கொண்டிருக்கும் மாதம் அது. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பெரியவர்கள் இன்றைக்கும் தேதி சொல்லித்தான் கதைப்பார்கள். பாசிக்குடாக் கடல் குளம் மாதிரிக் கிடப்பதும், அறுகம்பைக்கு அலைச்சறுக்கு ஆட்கள் வந்து குவிவதும் மே மாதத்துக்குப் பிறகு, கச்சான் காற்று அடிக்கும் காலத்தில். கிழக்குக்குப் போக நல்ல காலம் தெற்குக்குக் கெட்ட காலம் என்று பிரித்துச் சொல்கிற புத்தகத்தை நம்பலாம்.

இது ஊர்ப் பெருமைக்காகச் சொல்கிற விஷயம் இல்லை. நம்மை நனைக்கிற அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் வியட்நாமின் நடுப்பகுதியையும் நனைக்கிறது. ஹுவே, டா நாங், ஹோய் ஆன் மூன்றும் கிழக்குப் பார்த்த கரையில், முதுகுக்குப் பின்னால் மலைத்தொடரோடு இருக்கின்றன. ஒக்டோபரும் நவம்பரும் அங்கே வெள்ளக் காலம். ஹோய் ஆனின் பழைய தெருக்களில் வள்ளம் ஓடும். அதே நாட்டில் சைகோன் (ஹோ சி மின் நகரம்) பக்கம் மழை மே முதல் ஒக்டோபர் வரை. டிசம்பரில் காய்ந்து கிடக்கும். ஹனோயில் டிசம்பர், ஜனவரி குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. மலேசியாவிலும் இப்படித்தான். நவம்பர் முதல் பெப்ரவரி வரை கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான் தீவுகளில் தங்குமிடங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும்; மேற்கில் லங்காவியில் அதே நேரம் வெயில். தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் சமுய் தீவுக்கும் இடையிலும் இதே கணக்கு. கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்கத் தெரிந்த புத்தகம் பயணத்தையே காப்பாற்றும். மருமகள் முதலில் டிசம்பர் என்றுதான் நினைத்திருந்தாள். பெப்ரவரி கடைசிக்கு மாறியது இந்தப் பக்கத்தை வாசித்த பிறகுதான். அந்த நேரம் நடுப்பகுதி காய்ந்திருக்கும், தெற்கில் மழை இல்லை, வடக்கில் கொஞ்சம் தூறலும் குளிரும் இருக்கும், சமாளிக்கலாம்.

அடுத்தது போக்குவரத்து. மட்டக்களப்புக்கும் ரயில் உண்டு, திருகோணமலைக்கும் ரயில் உண்டு. வரைபடத்தைப் பார்க்கிறவர் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கலாம் என்று நினைத்துவிடுவார். ஆனால் இரண்டு பாதையும் பிரிவது உள்ளே கல்லோயா சந்தியில். கரையோரமாக பஸ்ஸில் போவதுதான் சுருக்கம். இந்த ஒரு வரி இருந்தால், எழுதியவர் அந்த வழியால் போய் வந்திருக்கிறார் என்று அர்த்தம். வியட்நாமிலும் இப்படி இடறுகிற இடங்கள் உண்டு. ஹனோயில் இருந்து சைகோன் வரை 1,726 கிலோமீற்றர் ரயில் பாதை. எல்லோரும் பார்க்க ஆசைப்படும் ஹோய் ஆனில் ரயில் நிலையமே கிடையாது. டா நாங்கில் இறங்கி 30 கிலோமீற்றர் அளவு வேறு வண்டியில் போக வேண்டும். மலை நகரமான டா லாட்டில் அழகான பழைய ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் அது பிரதான பாதையோடு இணையவில்லை; உல்லாசப் பயணிகளுக்கான குட்டி ரயில் மட்டும் ஓடுகிறது. இரண்டு பெண்பிள்ளைகள் இரவில் எங்கே இறங்குவது என்பது இப்படியான வரிகளில்தான் இருக்கிறது.

நகர வரைபடத்தில், எங்கள் நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு தண்ணீரால் சூழப்பட்ட இடம் என்பது தெரிகிறதா, பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, கல்லடிப் பாலத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று மட்டிடலாமா என்றும் பார்ப்பேன். ஆழத்துக்கு இன்னொரு சோதனை வைத்திருக்கிறேன். 1628ல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், 1638ல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்பது எல்லாப் புத்தகத்திலும் வந்துவிடும். வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனும் வந்துவிடும். 1942 ஏப்ரல் 9ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் நம் கடலுக்கு அடியில் கிடப்பதைச் சொல்கிறதா? காத்தான்குடியையும் ஏறாவூரையும் வெறும் கடந்து போகிற கடைத்தெருவாக இல்லாமல், ஆட்கள் வாழும் ஊராகப் பார்க்கிறதா? யுத்தமும் சுனாமியும் என்று இரண்டு சொல்லில் எங்களை முடித்துவிடாமல் இருக்கிறதா? கடைசிக் கேள்வி எனக்கு முக்கியம். நம்மை அப்படி முடித்துவிடுகிற தொடர், வியட்நாமையும் அமெரிக்கப் போர் என்ற ஒரே ஜன்னலால்தான் காட்டும்.

சரி, இனி அவள் காட்டிய நாலு புத்தகங்கள்.

லோன்லி பிளானட்டின் பெயர் தெரியாதவர் இல்லை. 1970களின் தொடக்கத்தில் லண்டனில் இருந்து ஆசியா வழியாகத் தரையால் அவுஸ்திரேலியா வரை போன ஒரு கணவன் மனைவி 1973ல் தொடங்கியது. கையில் காசு குறைவானவன் எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் அதன் மூச்சு. என் அலுமாரியில் பாதிக்கு மேல் அதுதான். பழைய பதிப்புகளில் ஒவ்வொரு ஊருக்கும் கடைசியில் போவது வருவது பற்றி ஒரு பகுதி இருக்கும்: எந்த பஸ், எங்கே இருந்து, எத்தனை மணித்தியாலம். அதற்காகவே அதை வைத்திருந்தேன். அண்மைக் காலப் பதிப்புகள் வேறு மாதிரி. படம் கூடிவிட்டது, எதை அனுபவிக்கலாம் என்ற பக்கங்கள் கூடிவிட்டன, தங்குமிடப் பட்டியல் வெகுவாக மெலிந்துவிட்டது. அந்தப் பெயருக்காக மட்டும் வாங்குகிறவர்கள் பழைய ஞாபகத்தில் வாங்குகிறார்கள்.

தங்குமிடப் பட்டியல் மெலிந்ததில் எனக்குக் கவலை இல்லை, ஏனென்றால் அது எப்படி எழுதப்படுகிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். எந்தத் தொடர் என்று சொல்லப் போவதில்லை. ஒரு புத்தகத்தில் எங்கள் வீடு இரண்டு வரி வந்தது. எழுதியவர் ஒரு நாள் பின்னேரம் மூன்று மணி போல வந்தார். வியர்த்துக் களைத்த மனிதர். தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தோம். மூன்று அறையில் ஒன்றைத் திறந்து காட்டினோம். கட்டிலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார், வாடகை கேட்டுக் கொப்பியில் குறித்தார். பத்து நிமிடம். அடுத்த நாள் காலை பொத்துவில் போக வேண்டும் என்றார். ஊரில் இருக்கிற எல்லா இடத்திலும் அவரால் தூங்கிப் பார்க்க முடியாது, அது அவருடைய குற்றமும் இல்லை. புத்தகம் வந்தபோது அறை எண்ணிக்கை பிழை. வாடகை மட்டும் நாங்கள் சொன்ன அதே தொகை. அதற்குப் பிறகு மூன்று வருடம், மின்சாரக் கட்டணம் ஏறி, சாமான் விலை ஏறி, எல்லாம் ஏறின பிறகும், வருகிறவர்கள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அந்த விலையைக் கேட்டார்கள். ஊரில் இன்னொரு பக்கம், புத்தகம் புகழ்ந்த ஒரு சாப்பாட்டுக் கடை அந்தப் புகழை வெளியே பலகையில் எழுதி வைத்துவிட்டுக் கறியைத் தண்ணியாக்கியதையும் பார்த்தேன். அதனால் எந்த வழிகாட்டி நூலையும் அது சொல்லும் தங்குமிடத்தையும் சாப்பாட்டுக் கடையையும் வைத்து நான் மட்டிடுவதில்லை. அறையைத் தேட இப்போது போன் இருக்கிறது. போன கிழமை தூங்கியவர் போன கிழமையே எழுதியிருப்பார்.

ரஃப் கைட்ஸ் 1982ல் கிரேக்கத்துக்கான ஒரு புத்தகத்தோடு தொடங்கியது. மலிவாகப் போவதை மட்டும் சொல்கிற புத்தகமும், பழைய தூண்களை மட்டும் சொல்கிற புத்தகமும்தான் அப்போது கிடைத்தன, இரண்டையும் சேர்த்து ஒன்று வேண்டும் என்று எழுதப்பட்டது. அந்தக் குணம் இன்னும் இருக்கிறது. பின்பக்கத்தில் வரலாறு, சமயம், மக்கள், வாசிக்க வேண்டிய நூல்கள் என்று ஒரு நீண்ட பகுதி வரும். பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் இருக்கும்போது அதுதான் துணை. எழுத்து நெருக்கமாக இருக்கும், படம் குறைவு. முதல் பார்வைக்குச் சலிப்புத் தட்டும். ஆனால் ஒரு ஊரில் ஏன் இந்தக் கோயில், ஏன் இந்தச் சந்தை, ஏன் ஆட்கள் இப்படிப் பழகுகிறார்கள் என்று கேட்பவருக்கு இதுதான் பதில் சொல்லும்.

டீகே தொடர் கண்ணுக்கு விருந்து. கட்டடத்தின் கூரையைக் கழற்றி உள்ளே காட்டுகிற மாதிரி வரைபடங்கள் அதன் கையெழுத்து. வியட்நாமோடு அங்கோர் வாட்டையும் சேர்த்தே அவர்கள் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள் என்பது இவளுடைய பயணத்துக்கு நல்ல பொருத்தம். அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டியது. கிழக்குப் பக்க மண்டபச் சுவரில் தேவரும் அசுரரும் பாற்கடல் கடைகிற சிற்பம் ஏறக்குறைய 49 மீற்றர் நீளத்துக்கு ஓடுகிறது. அந்தக் கதை நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும், புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எந்த வாசலால் நுழைந்தால் எந்தச் சுவர் வரும் என்பது தெரியாவிட்டால் வெயிலில் சுற்றிச் சுற்றிக் களைத்து, கடைசியில் அந்தச் சுவரைப் பார்க்காமலே வந்துவிடுவோம். அங்கே டீகேயின் படம் உதவும். பஸ், ரயில், எல்லை கடப்பது பற்றி அதில் எதிர்பார்க்க வேண்டாம். வாகனமும் ஆளும் பிடித்துப் போகிறவர்களுக்கான புத்தகம் அது.

நாலாவது, வியட்நாம், கம்போடியா, லாவோஸ், வட தாய்லாந்து எல்லாவற்றையும் சேர்த்த லோன்லி பிளானட் தொகுப்பு. நாலு நாட்டை ஒரே அட்டைக்குள் போட்டால் காசு மிச்சம் என்று தோன்றும். நாலையும் சுற்றப் போகிறவருக்குச் சரி. இரண்டு நாட்டுக்கு மூன்று கிழமை போகிறவர் பாதிப் புத்தகத்தைச் சும்மா சுமப்பார், மற்றப் பாதியில் சிறிய ஊர்கள் எல்லாம் விடுபட்டிருக்கும். இதை உடனே தள்ளிவிட்டோம்.

இந்த நாலுக்கு வெளியே, ருவாண்டா, எத்தியோப்பியா என்று மற்றவர்கள் அதிகம் கவனிக்காத நாடுகளுக்குப் போகிறவர்கள் பிராட் தொடரைத் தேட வேண்டும். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ரூத்தார் தொடர் இருக்கிறது. பாரிஸில் இருந்து வந்த சித்தப்பாவின் மகள் எங்கள் அலுமாரியில் இருந்ததை எடுத்து, எங்கள் ஊர்ப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினாள், நன்றாகத்தான் இருந்தது.

எந்தத் தொடராக இருந்தாலும், வாங்கும் முன் பார்க்க வேண்டியது முதல் அல்லது கடைசித் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும் பதிப்பு ஆண்டு. அதில் ஒரு வருடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எழுதியவர் ஊரைச் சுற்றியது அச்சுக்கு வெகு முன்னால். இதை நான் படித்தது பாங்கொக்கில். 2023 மார்ச் மாதம், அலுமாரியில் இருந்த பழைய தாய்லாந்துப் புத்தகத்தை நம்பி, சியாங் மாய் போகிற இரவு ரயிலுக்கு ரிக்கற் எடுக்க நானும் மனைவியும் பெட்டிகளோடு ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போய்விட்டோம். நூறு வருடப் பழமையான, வளைந்த கூரை போட்ட பெரிய மண்டபம். உள்ளே ஆளே இல்லாத மாதிரி இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் கையால் வடக்குப் பக்கம் காட்டி, நிலத்தடி ரயிலில் போகச் சொன்னார். அந்த வருடம் ஜனவரி 19 தொடக்கம் தூர ரயில்கள் எல்லாம் குருங் தேப் அபிவத் என்ற புதிய நிலையத்துக்கு மாறிவிட்டன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தா. அன்றைய ரயிலில் படுக்கை கிடைக்கவில்லை.

அவர்கள் போகிற பக்கமும் அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பின் பழைய விமான நிலையம் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. 2023 ஒக்டோபரில் திறந்த புதியது சுமார் 50 கிலோமீற்றர் தள்ளி. பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து டுக்டுக் பேரம் பேசினால் எப்படி இருக்கும்? சைகோனில் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2024 டிசம்பரில். 2025 ஜூலை 1 தொடக்கம் வியட்நாமின் 63 மாகாண நிருவாகங்களை 34 ஆக்கிவிட்டார்கள்; ஹோய் ஆன் இப்போது டா நாங்குக்குள். தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையிலான தரைவழி எல்லைகளை 2025 ஜூனில் மூடினார்கள், அதன் பிறகு சண்டையும் நடந்தது. இதையெல்லாம் எந்த அச்சுப் புத்தகமும் துரத்திப் பிடிக்க முடியாது. அதற்காகப் புத்தகமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எது மாறும், எது மாறாது என்று பிரித்துவைத்துக்கொண்டால் போதும். ஹுவேயில் அரண்மனை எங்கே இருக்கிறது, ஹாய் வான் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஏன் வெயில் இந்தப் பக்கம் ஏன் மழை, எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை என்பவை பத்து வருடப் பழைய புத்தகத்திலும் சரியாகவே இருக்கும்.

விசாப் பக்கத்தை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள். இந்தப் புத்தகங்கள் எல்லாம் பிரித்தானிய, அமெரிக்க, அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்காக எழுதப்பட்டவை. பிரித்தானியரும் ஜெர்மானியரும் வியட்நாமில் 45 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். நாம் இருக்க முடியாது. நமக்கு இ-விசா. 2023 ஓகஸ்ட் 15 தொடக்கம் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை கொடுக்கிறார்கள். ஒரு முறை நுழைய 25 டொலர், பல முறைக்கு 50. இவர்கள் கம்போடியா போய்த் திரும்ப சைகோனுக்கு வந்து விமானம் ஏறுவதாகத் திட்டம் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் பலமுறை விசா வேண்டும், அல்லது கம்போடியாவில் இருந்தே ஊருக்கு வர வேண்டும். இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார்கள். இந்த விஷயத்தில் அந்தந்த நாட்டு அரசின் இணையத்தளத்தையும் தூதரகத்தையும் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது.

தமிழில் வரும் பயண வீடியோக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மருமகள் அவற்றை நிறையப் பார்க்கிறாள். தெருவின் சத்தம், கடையின் வெளிச்சம், ஆட்கள் சிரிக்கிற விதம் இதையெல்லாம் எந்தப் புத்தகமும் அப்படிக் காட்டாது. நம் நாக்குக்கு எது ஒத்துவரும் என்றும் அவர்கள்தான் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர். "நம்ம பாஸ்போர்ட்டுக்கு" என்று அவர் சொல்லும்போது அது இந்தியக் கடவுச்சீட்டு. மொழி ஒன்று என்பதால் நமக்கும் அதுதான் என்று காது நம்பிவிடுகிறது. காசுக் கணக்கும் இந்திய ரூபாவில்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் விக்கிவொயேஜை நான் மதிக்கிறேன். பயணிகள் தாங்களே எழுதித் திருத்துகிற வழிகாட்டி. கிவிக்ஸ் என்ற செயலியில் முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாத இடத்திலும் வாசிக்கலாம். பெரிய நகரங்களுக்கு நன்றாக இருக்கும், சின்ன ஊர்களில் ஒரு பந்தியோடு நின்றுவிடும். அங்கும் மட்டக்களப்புப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "வீட்டுப்பாடம் பாதியில விட்ட மாதிரி" என்றாள். வரைபடத்துக்கு ஓர்கானிக் மெப்ஸ் போதும், முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிம் இல்லாமலும் வழி காட்டும்.

அப்படியென்றால் காசு கொடுத்துப் புத்தகம் எதற்கு என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. 25 டொலர் என்று அட்டையில் போட்டிருந்தால் நம் காசில் 7,500 ரூபாவுக்கு மேல், தபால் செலவு தனி. என் பதில் இதுதான்: போனில் தேட வேண்டுமென்றால் என்ன தேடுவது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஹோய் ஆன் என்று தேடினால் விளக்கு வரும், தையற்கடை வரும், கோப்பிக் கடை வரும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மி சன் என்ற பள்ளத்தாக்கில் முன்பு அந்தப் பகுதியை ஆண்ட சாம் அரசர்கள் பல நூற்றாண்டுகளாகச் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள் நிற்கின்றன, 1969ல் குண்டு விழுந்து அதில் பெரியது இடிந்தது என்பதை, பெயரே தெரியாதவள் எப்படித் தேடுவாள்? சைகோன் நடுவில் தமிழ் வணிகர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, வியட்நாம்காரர் வந்து கும்பிடுகிறார்கள். அதே பக்கத்தில், டோங் டு தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் கட்டிய பள்ளிவாசல். தோழிக்கு ஹலால் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது அந்தப் பள்ளிவாசலைப் பற்றி வாசித்த பிறகுதான். அதைச் சுற்றி அப்படியான கடைகள் உண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடும் மருமகளுக்குப் பின்பக்கச் சொற்பட்டியலில் 'அன் சய்' என்ற சொல் கிடைத்தது. மரக்கறிச் சாப்பாடு என்று அர்த்தம். ஆறு தொனி உள்ள மொழி, நாம் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. அச்சில் இருக்கிற எழுத்தைக் கடைக்காரருக்குக் காட்டலாம்.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் இரண்டில் வந்து நின்றோம்: ரஃப் கைட்ஸின் வியட்நாம், லோன்லி பிளானட்டின் வியட்நாம். இரண்டு தொடரின் இலங்கைப் புத்தகங்களையும் மேசையில் விரித்து, மட்டக்களப்பையும் அம்பாறை மாவட்டத்தையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டார்கள். என் வீட்டில் இருந்தவை ஒரே வருடத்துப் பதிப்புகள் இல்லை, அதனால் விலைகளை ஒப்பிடாமல் விட்டோம். எனக்கு ரஃப் கைட்ஸ்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஊரின் காரணத்தைச் சொல்கிற புத்தகம் அதுதான். மற்றது போனில் கிடைத்துவிடும். இதுவே பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் லோன்லி பிளானட் என்றிருப்பேன், அந்த பஸ் விவரங்களுக்காக. இரண்டிலும் புதிய பதிப்பின் ஆண்டைப் பார்த்து, இடைவெளி மூன்று வருடத்துக்கு மேல் என்றால் புதியதைத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அங்கோர் பக்கங்களுக்கு டீகே வாங்கத் தேவையில்லை. தெரிந்த ஒருவரிடம் பழைய பிரதி இருக்கிறது. கல் கோயில் இடம் மாறாது. அதைத்தான் இரவல் வாங்கிக் கொடுக்கப் போகிறேன். நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டொலர், மூன்று நாளைக்கு 62. மூன்று நாள் எடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அச்சுப் புத்தகமா மின்னூலா என்பதில்தான் இரண்டு பேரும் பிரிந்தார்கள். மருமகளுக்குப் போனில் இருந்தால் போதும், பாரம் இல்லை, சொல்லைத் தட்டித் தேடலாம். தோழிக்குத் தாள் வேண்டும். இருட்டுப் பஸ்ஸில் போன் சார்ஜ் இறங்கினால் என்ன செய்வது, தெரு நடுவில் நின்று போனை எடுத்துப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்காது என்றாள். வரைபடத்தை மின்னூலில் பெரிதாக்கிப் பார்ப்பது எவ்வளவு கரைச்சல் என்று எனக்கும் தெரியும், அதனால் நான் தோழி பக்கம். ஒரு மணித்தியாலம் கதைத்து முடிவு செய்தார்கள்: ரஃப் கைட்ஸை அச்சில் தோழி வாங்குவது, பாதிக் காசை மருமகள் கொடுப்பது, மருமகளின் போனில் விக்கிவொயேஜும் வரைபடங்களும் இறக்கி வைப்பது. அடுத்த மாதம் உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகும்போது கடையில் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். பதிப்பு ஆண்டு எந்தத் தாளில் இருக்கும் என்று கேட்டு, போனில் குறித்துக்கொண்டு போனார்கள்.